லீக்ஸ் கோப்பை: விதிகள் அருமை, மைதானங்கள்தான் ஒரே பக்கம்

அமெரிக்கா, கனடாவின் எம்எல்எஸ் கிளப்புகளும் மெக்சிகோவின் லீகா எம்எக்ஸ் கிளப்புகளும் மோதும் கால்பந்துத் தொடரான லீக்ஸ் கோப்பை, 2019-இல் எட்டே அணிகளோடு தொடங்கியது. 2023-இல் இரு லீக்குகளின் 47 கிளப்புகளும் மொத்தமாக இறங்கின. 2025-இல் பக்கத்துக்குப் பதினெட்டாக 36 அணிகள் என்று சுருக்கினார்கள். இதுவரை வந்தவற்றில் இந்த 2025 வடிவத்தைத்தான் நம்பி உட்கார்ந்து பார்க்கலாம்.

முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் குழுவுக்கு மூன்று அணிகள். ஆளுக்கு இரண்டே ஆட்டம், மூன்றில் இரண்டு அணிகள் மேலே போய்விடும். கடைசி ஆட்டத்தில் ஒரு அணி வெளியே காத்திருக்க, ஆடும் இரண்டுக்கும் எத்தனை கோல் போதும் என்ற கணக்கு முன்பே கையில் இருக்கும். அங்கேயே பாதி விறுவிறுப்பு போய்விட்டது. ஒரே லீக்கின் இரு கிளப்புகள் ஒரே குழுவில் மோதுவதும் நடந்தது. அதைப் பார்க்க லீக் ஆட்டமே போதுமே!

2025-இல் ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம், மூன்றும் எதிர் லீக்கின் அணிகளோடு. ஆனால் புள்ளிப் பட்டியல் லீக்குக்கு ஒன்றாகத் தனித்தனி. அதாவது மெக்சிகோ அணியோடு ஆடுகிறீர்கள், இடத்துக்குப் போட்டியோ சக எம்எல்எஸ் அணியோடு. ஒவ்வொரு பட்டியலிலும் முதல் நான்கு இடங்களுக்கு மட்டுமே காலிறுதி என்பதால் கோல் வித்தியாசத்துக்கு மதிப்பு கூடியது. அந்த ஆண்டின் கான்காகாஃப் (வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கால்பந்து அமைப்பு) சாம்பியனான மெக்சிகோவின் குரூஸ் அசூலை சியாட்டில் 7-0 என்று நொறுக்கியபோது கடைசி நிமிடம்வரை விடாமல் அடித்ததற்கு அர்த்தம் இருந்தது. குறை ஒன்று: பதினெட்டில் மூன்று எதிராளிகள்தான் கிடைப்பதால், யார் வாய்க்கிறார்கள் என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது.

தொடரின் மிகச் சிறந்த யோசனை டிராவைக் கையாளும் முறை. 90 நிமிடத்தில் சமநிலை என்றால் கூடுதல் நேரம் கிடையாது, நேராகப் பெனால்டி ஷூட்அவுட். முதல் கட்டத்தில் 90 நிமிட வெற்றிக்கு 3 புள்ளி, ஷூட்அவுட்டில் ஜெயித்தால் 2, தோற்றால் 1. மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து மூன்று ஷூட்அவுட்டையும் வென்றால் 6 புள்ளி. இரண்டு வெற்றி, ஒரு தோல்விக்கும் அதே 6. நெகாக்ஸாவோடு 2-2 ஆன இன்டர் மயாமி, ஷூட்அவுட்டை 5-4 என வென்று அப்படித்தான் ஒரு புள்ளியைக் கூடுதலாகப் பெற்றது. கோல்கீப்பர் தேர்வில் கவனம் வைக்காத அணி இங்கே நிச்சயம் அடிவாங்கும்.

இனி பெரிய குறை. 2025 வரை ஆட்டங்கள் எல்லாம் அமெரிக்கா, கனடாவில்தான் நடந்தன. 2023 முதல் 2025 வரை மொத்தம் 12 அரையிறுதி இடங்களில் மெக்சிகோ கிளப் பிடித்தது ஒன்றே ஒன்று: 2023-இல் மான்டெர்ரே. அதே கிளப்புகள் கான்காகாஃப் சாம்பியன்ஸ் கோப்பையில் 2006 முதல் 2021 வரை யாருக்கும் கோப்பையை விட்டுக்கொடுக்கவில்லை. 2022-இல் சியாட்டில் உடைத்த பிறகும் லெயோன், பச்சூகா, குரூஸ் அசூல் என வரிசையாக வென்றார்கள். அங்கே இறுதிக்கு முந்தைய சுற்றுகளில் உள்ளூர், வெளியூர் என்று இரண்டு ஆட்டங்கள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயர மெக்சிகோ நகரில் விருந்தாளிக்கு மூச்சு வாங்கும். லீக்ஸ் கோப்பையில் அந்தச் சோதனையே இருக்கவில்லை. போதாததற்கு, எம்எல்எஸ் அணிகள் பிப்ரவரியிலிருந்து ஆடிச் சூடேறியிருக்கும்போது மெக்சிகோவில் புதிய சீசன் அப்போதுதான் தொடங்கியிருக்கும். இந்த முடிவுகளை வைத்து எம்எல்எஸ் முந்திவிட்டது என்று சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. காலிறுதிகளில் பாதியாவது மெக்சிகோவில் நடக்கட்டும், பிறகு பேசலாம்.

பரிசு கனமானது. முதல் மூன்று இடங்களுக்கும் சாம்பியன்ஸ் கோப்பை வாய்ப்பு உண்டு, சாம்பியன் நேராகக் கடைசி 16-க்குப் போய்விடும். அதனால் மூன்றாம் இட ஆட்டத்தையும் தவறவிடாதீர்கள்.

நேரில் பார்க்க நினைப்பவர்கள் முதல் கட்ட ஆட்டங்களுக்கு டிக்கெட் எடுப்பதே பத்திரம், இடமும் தேதியும் முன்பே தெரியும். அதன்பின் யார் மைதானம் என்பது யார் மேலே வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2025-இல் அரையிறுதி ஆகஸ்ட் 27, இறுதி ஆகஸ்ட் 31. சியாட்டிலின் லூமன் ஃபீல்டில்தான் இறுதி என்பது உறுதியாகி நான்கே நாளில் ஆட்டம். முன்கூட்டி விமான டிக்கெட் எடுப்பதாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையை மட்டுமே எடுங்கள்.