ஏழு குழி எக் பாய்லர்: சேலத்துக்குச் சரி, ஏற்காட்டுக்குக் கொஞ்சம் தண்ணீர் கூட்டணும்

எக் பாய்லர் என்று விற்கிற இந்தச் சின்ன மின்சாரச் சட்டியில் பெரும்பாலும் டைமர் இருக்காது. கூட வரும் அளவு கப்பில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோமோ அதுதான் நேரக் கணக்கு. தண்ணீர் முழுக்க ஆவியானதும் அடித்தட்டின் சூடு சட்டென்று ஏறும். தெர்மோஸ்டாட் அதை உணர்ந்து கரண்டை நிறுத்தும். உள்ளே இருக்கிற சூட்சுமம் இவ்வளவுதான். முட்டை சரியாக வேகாவிட்டால் பழுதை மெஷினில் தேடுவதற்கு முன் தண்ணீர் அளவைப் பார்க்க வேண்டும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது 350 முதல் 400 வாட் வரை இழுக்கும் ஏழு குழி மாடல். கால் மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் செலவு. கரண்ட் போனால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டலாம், இண்டக்‌ஷன் அடுப்பில் அது நடக்காது.

அளவு கப்பைப் பார்த்ததும் பலர் குழம்புவது ஒரு இடத்தில்தான். ஏழு முட்டைக்குக் குறைவான தண்ணீர், ஒரு முட்டைக்கு அதிகத் தண்ணீர் என்று கோடு போட்டிருக்கும். அச்சுப் பிழை இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. குளிர்ந்த முட்டை ஓட்டில் பட்ட ஆவி மறுபடி தண்ணீராகித் தட்டில் சொட்டும். முட்டை அதிகம் இருந்தால் சொட்டுவதும் அதிகம், அதே தண்ணீர் இரண்டாம் முறையும் கொதிக்கும், நேரம் தானாக நீளும். இரண்டு முட்டை மட்டும் வைத்து ஏழு முட்டைக் கோடு வரை ஊற்றினால் மஞ்சள் கரு கொழகொழவென்று நிற்கும். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். தண்ணீர் மெதுவாக ஆவியாவதால் முட்டை அளவுக்கு மேல் வெந்துவிடும்.

இனி மலைக்கு வருவோம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், அங்கே தண்ணீர் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், கொதிநிலை 95 டிகிரிதான். நாலு டிகிரி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் மஞ்சள் கரு நடுவரை கெட்டியாக அதன் மையம் 75 டிகிரியைத் தாண்ட வேண்டும். மலைக் குளிரில் முட்டையும் 18, 20 டிகிரியில்தான் கிடக்கும். சேலத்தில் 12 நிமிடத்தில் வேகிற முட்டைக்கு ஏற்காட்டில் 15 நிமிடம் பிடிக்கும். எக் பாய்லருக்கு இந்தக் கணக்கு தெரியாது, தண்ணீர் தீர்ந்ததும் நிறுத்திவிடும். அதனால் கப்பில் ‘ஹார்ட்’ (மஞ்சள் கரு முழுக்கக் கெட்டியாக) என்று போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி., கூட்டி ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். குக்கரில் சாதத்தோடு போட்டு விசில் விடுவது இதற்கு மாற்று ஆகாது. அந்தச் சூட்டில் வெள்ளைக் கரு ரப்பராகிவிடும்.

கப்பின் அடியில் ஒரு ஊசி இருக்கும். முட்டையின் அகலமான முனையில் காற்றறை உண்டு, அங்கே குத்தினால் சூட்டில் விரியும் காற்று வெளியேறி ஓடு வெடிப்பது குறையும். அழுத்திக் குத்தினால் வெள்ளைக் கரு கசிந்து தட்டில் கருகும், லேசாக ஒரு குத்து போதும். குத்தி முடித்ததும் ஊசியைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே வைக்காமல் கால் மணி நேரம் வெளியே வைப்பது நல்லது.

உரிப்பதில்தான் சேலத்துக்காரர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை. நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் முட்டை மிகப் புதிதாக வந்துவிடுகிறது. புது முட்டையின் வெள்ளைக் கருவில் கரியமில வாயு அதிகம், காரத்தன்மை குறைவு. வெந்ததும் அது உள்சவ்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஓட்டோடு சதையும் பிய்ந்து வரும். அவிப்பதற்கென்று வாங்கியதை ஏழெட்டு நாள் வைத்திருந்து எடுத்தால் வழுக்கிக்கொண்டு உரியும். எடுத்த எடுப்பில் சூடான ஆவி படுவதால், பச்சைத் தண்ணீரில் போட்டு அவிப்பதைவிட எக் பாய்லர் முட்டை சுலபமாக உரியும். இந்த மெஷினுக்கு முழு மார்க் கொடுக்கலாம் என்றால் இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

நின்றதும் மூடியைத் திறந்து முட்டையை எடுத்துவிட வேண்டும். உள்ளேயே விட்டால் தேங்கிய ஆவியில் தொடர்ந்து வெந்து, மஞ்சளைச் சுற்றிச் சாம்பல் பச்சையாக ஒரு வளையம் வரும். மஞ்சளில் உள்ள இரும்பும் வெள்ளைக் கருவிலிருந்து வரும் கந்தக வாயுவும் சேர்வதால் வருவது அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. தட்டுவடை செட்டில் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவல் வைக்கும் சேலத்துத் தீனி) வட்டம் வட்டமாக அறுத்து வைக்கும்போது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். (அறுக்கக் கத்தி வேண்டாம், மஞ்சள் ஒட்டும். இழுத்துப் பிடித்த தையல் நூல் போதும்.) சேலத்து வெயிலில் மதியம் மாடி டேங்க்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் முட்டையை ஆற்றாது. பானைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். ஏற்காட்டில் குழாயே போதும்.

போர் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரமே அடித்தட்டில் வெள்ளையாக உப்புப் படியும். படிவு தடித்தால் சூடு மேலே ஏறாமல் அடியிலேயே தங்கும், தண்ணீர் மீதி இருக்கும்போதே தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். ‘வாங்கின புதுசுல நல்லா வெந்துச்சு, இப்ப வேகறதில்ல’ என்ற புகாரில் பாதி இதுதான். இரண்டு ஸ்பூன் வினிகரோடு தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்து, துணியால் துடையுங்கள். கம்பி நாரால் தேய்த்தால் தட்டின் பூச்சு போய்விடும்.

வீட்டில் இட்லிப் பானை இருந்தால் இது அவசியமா? சேலத்துக் குடும்பத்துக்கு அவசியமில்லை. ஆவி வந்ததும் குழித்தட்டில் முட்டைகளை அடுக்கி 12 நிமிடம் வைத்தால் அதே ருசிதான், ஒரே ஈட்டில் ஏழுக்கு மேலும் வேகும். கேஸ் இல்லாத அறையில் தங்கிப் படிக்கிறவர்களுக்கும், காலையில் அடுப்புப் பக்கம் நிற்க நேரமில்லாதவர்களுக்கும் தாராளமாகச் சொல்லலாம். வாத்து முட்டை அவிப்பவர்கள் வாங்க வேண்டாம், குழியில் சரியாக உட்காராது.

வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல மாடல்களில் தட்டு ஆறியதும் தெர்மோஸ்டாட் மறுபடி ஒட்டிக்கொள்ளும், தண்ணீரே இல்லாமல் திரும்பச் சூடாகும். அப்படிப்பட்ட மாடல் என்றால், விளக்கு அணைந்த உடனே சுவர் சுவிட்சையும் அணைக்க வேண்டும்.