வாவிக்கரையில் நான்கு மோல்ட், நான்கு சீஸ், நான்கு ஓவியம்

மட்டக்களப்பில், கல்லடிப் பக்கமாக வாவியைப் பார்த்திருக்கும் ஒரு சிறிய விடுதியில், ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் மாலையில், பன்னிரண்டு பேருக்கு மட்டுமென ஒழுங்கு செய்யப்பட்ட சிங்கிள் மோல்ட் விஸ்கிச் சுவைப்பு நிகழ்வில் கலந்துகொண்டேன். நான்கு விஸ்கிகள், ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு சீஸ், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஓவியம் என்பது ஏற்பாடு. கட்டணம் ஒருவருக்கு 12,000 ரூபாய். புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மதுவை விளம்பரப்படுத்துவதைத் தடுப்பதால், இதை நடத்தும் தம்பதியினர் தெரிந்தவர்கள் மூலமாகவே விருந்தினரை அழைக்கின்றனர். விடுதியின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதை மதித்து அதை இங்கே தவிர்க்கிறேன்.

முதலில் அளவைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விஸ்கியும் 15 மில்லிலீற்றர் மட்டுமே ஊற்றப்பட்டது. மூன்று மணி நேரத்தில் ஒருவர் அருந்தியது மொத்தம் 60 மில்லிலீற்றர். வாகனம் ஓட்டி வந்தவர்களின் சாவிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பிச் செல்ல ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மது என்றாலே போத்தலைக் காலியாக்குவது என்று பழகிப்போன நமது ஊரில், முகர்வதற்கும் மெல்வதற்கும் பார்ப்பதற்கும் இவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டதைக் கண்டு நான் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

சிங்கிள் மோல்ட் என்பது முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், செம்புக் கொதிகலன்களில் வடிக்கப்படுவது. ஸ்கொட்லாந்துச் சட்டப்படி அது குறைந்தது மூன்று ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாவில் முதிர வேண்டும். போத்தலில் எழுதப்படும் வயது, உள்ளே கலந்திருப்பவற்றுள் மிக இளையதன் வயது. வீட்டுக்காரர் இவற்றை ஐந்து நிமிடங்களில் தெளிவாகச் சொல்லி முடித்துவிட்டு, மெலிந்த சுவையிலிருந்து புகைமணம் மிகுந்ததற்குப் போவதே முறை என்றும், புகை நாவில் ஏறிவிட்டால் அதன் பின் மென்மையான எதுவும் எடுபடாது என்றும் விளக்கினார். வாய் குறுகிய துலிப் வடிவக் கிளாஸ்கள் எல்லோருக்கும் போதுமான அளவில் இருந்தன. சிறு கோப்பைகளில் நீரும் துளிவிடும் குழாயும் வைத்திருந்தார்கள். சில துளி நீர் சேர்த்தால் வாசனை எழும் என்பது வெறும் நம்பிக்கையல்ல; புகைமணம் தரும் குவையகோல் போன்ற மூலக்கூறுகள் நீர் சேரும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருவதாக, சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017 இல் கணினிவழி ஆய்வொன்றில் காட்டியிருக்கிறார்கள்.

தொடக்கம் கிளென்மொரஞ்சி. ஸ்கொட்லாந்திலேயே மிக உயரமான கொதிகலன்கள் இந்த வடிசாலையில் உள்ளன. அவ்வளவு உயரம் ஏறக்கூடிய இலேசான ஆவி மட்டுமே மறுபுறம் இறங்குவதால், தோடம்பழத் தோலையும் வனிலாவையும் நினைவூட்டும் மெல்லிய சுவை கிடைக்கிறது. அதற்கு இணையாக வைக்கப்பட்டது பிரீ என்னும் மென்மையான பிரெஞ்சுச் சீஸ். நிகழ்வின் முதற் பிழை இங்கேதான் நேர்ந்தது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து முப்பது நிமிடம் வெளியே வைக்கும் ஐரோப்பிய வழக்கத்தை அப்படியே பின்பற்றியதால், ஆடி மாத வெக்கையில் அது தட்டில் உருகி ஓடியிருந்தது. விறாந்தையில் வீசிய கச்சான் காற்று கிளாஸிலிருந்து எழுந்த மென்மணத்தையும் அள்ளிக்கொண்டு போயிற்று. ஸ்கொட்லாந்தின் அறைவெப்பமும் மட்டக்களப்பின் அறைவெப்பமும் ஒன்றல்ல. முப்பது பாகையைத் தொடும் மாலையில் மதுசாரம் விரைந்து ஆவியாகி மூக்கைக் குத்துமே தவிர, பழமணத்தை நுகர விடாது. இந்த முதற் சுற்றையாவது உள்ளறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு நடத்தியிருக்க வேண்டும்.

ஆனால் வீட்டுக்கார அம்மா அதே சுற்றில் வேறொன்றையும் கொண்டுவந்து வைத்தார். நான் இதை எழுதுவதற்கு முதன்மையான காரணமே அதுதான். நமது முட்டித் தயிரை, அதாவது மண்முட்டியில் உறைந்த எருமைத் தயிரை, மெல்லிய துணியில் கட்டி ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்டு, நீர் வடிந்த பின் சிறிது உப்பிட்டுப் பிசைந்து, மேலே வறுத்த மரமுந்திரிகைப் பருப்பை நொறுக்கித் தூவியிருந்தார். எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலினதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதால், அது நாவில் ஒரு மெழுகைப் போலப் படிந்து மதுசாரத்தின் எரிவைத் தடுத்தது. இளம்புளிப்பு தோடம்பழ மணத்தை மேலே தூக்கியது. உப்பு, மோல்ட்டின் இனிப்பை முன்னே கொண்டுவந்தது. விலைகொடுத்து வாங்கிய பிரீ செய்யத் தவறியதை ஊர்த் தயிர் செய்தது. மேசையில் முதலில் தீர்ந்ததும் அதுதான்.

இரண்டாவது, கிளென்ஃபிடிக் 12; எண் அதன் வயது. வில்லியம் கிராண்ட் 1886 இல் டஃப்டவுனில் கட்டத் தொடங்கிய வடிசாலையினது, பேரிக்காய் மணமுள்ளது, செடார் சீஸுடன் குறை சொல்ல முடியாதபடி பொருந்தியது. மூன்றாவதான கிளென்ட்ரோனக் 12, ஷெரி எனப்படும் ஸ்பானிய வைன் இருந்த பீப்பாக்களில் முதிர்ந்தது. உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் போன்ற அதன் கனத்த இனிப்புக்கு, நன்கு முதிர்ந்து உப்புப் படிகம் போல நறநறக்கும் கௌடா சீஸ் சரியான துணை. இந்தச் சுற்றில் வீட்டுக்காரர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. முதலில் ஒரு மிடறு, பிறகு சீஸ், பிறகு மீண்டும் ஒரு மிடறு என்ற வரிசையில் இரண்டாம் மிடறு எப்படி மாறுகிறது என்பதைத் தாமாகவே கண்டுபிடிக்க விட்டார்.

ஓவியங்களைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. அவை நல்ல ஓவியங்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பயின்ற இளையவர்களின் படைப்புகள். அதிகாலை வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறியும் ஒருவரின் நீர்வர்ண ஓவியம், முழுநிலவில் கல்லடிப் பாலம், வடமோடிக் கூத்தின் அரசமுடியைச் செம்பொன் நிறத்தில் தீட்டிய எண்ணெய்வர்ண ஓவியம் என முதல் மூன்றும் அமைந்திருந்தன. ஆனால் அவற்றை விஸ்கியோடு இணைத்தது நிறம் மட்டுமே. இளமஞ்சள் விஸ்கிக்கு விடியல், பொன்னிறத்துக்கு நிலவு, செந்நிறத்துக்குக் கூத்துமுடி. விஸ்கியின் நிறம் பீப்பாவிலிருந்து வருவது. அதைச் சீராக்குவதற்குக் கரமல் சேர்க்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே நிறம் சுவைக்குச் சான்றாகாது. அதை வைத்து ஓர் ஓவியத்தைத் தேர்ந்தால், ஓவியம் வெறும் மேசைவிரிப்பாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, இருட்டிய பின் ஏற்றிய மஞ்சள் மின்குமிழ்களின் வெளிச்சத்தில் பாலத்தின் நீலமெல்லாம் சாம்பல் பூத்துப்போயிற்று. பாடுமீன்களின் இசையை முழுநிலவு இரவுகளில் அந்தப் பாலத்தடியில் கேட்கலாம் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஓவியத்துக்கு அந்த வெளிச்சம் அநியாயம்.

நான்காவது சுற்று இந்தக் குறையையெல்லாம் மறக்கச் செய்தது. லஃப்ரொய்க் 10, 1815 இல் தொடங்கிய ஐலாத் தீவின் வடிசாலையிலிருந்து வருவது. முளைகட்டிய பார்லியை அங்கே பீட் எனப்படும் சதுப்புநிலத்துத் தாவரப் படிவை எரித்த புகையில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகையோடு உப்பும் கடற்பாசியும் மருத்துவமனைத் தைலமும் கலந்தாற்போன்ற மணம் வரும். எதிரே வைக்கப்பட்டது ஒரு கரிக்கோல் ஓவியம்: கருமேகத்தின் கீழ் கரைவலை இழுக்கும் மனிதர்களின் வளைந்த முதுகுகள் மட்டும். நிறமே இல்லை. கரியால் வரைந்ததைக் கரிமணத்தோடு பார்க்கிறோம் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மூன்று நிமிடம் பேசாமல் பார்க்கும்படி மட்டும் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். அந்த அமைதியைக் கலைத்தவர் என்னருகே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கிளாஸை முகர்ந்துவிட்டு, "தம்பி, இது நம்மட வீட்டில பொழுதுபட்டா நுளம்புக்குப் போடுற பொச்சுமட்டைப் புகைதானே" என்றார். ஸ்கொட்லாந்தின் தீவொன்றிலிருந்து வந்த மணத்துக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் வாசித்ததில்லை. துணையாக வந்த நீலப்பூஞ்சைச் சீஸின் காரமான உப்பு, புகையோடு மோதாமல் அதன் அடியிலிருந்த இனிப்பை வெளியே இழுத்துவந்தது.

விடைபெறும்போது என் கருத்தைக் கேட்டார்கள்; மறைக்காமல் சொன்னேன். வெளிச்சத்தை மாற்ற வேண்டும். ஓவியத்தை முதலில் தேர்ந்து, அதன் பொருளுக்கும் உணர்வுக்கும் ஏற்ற மோல்ட்டைப் பிறகு தேட வேண்டும். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயரிட்ட ஹல்மில்ல மரத்தின் தொட்டிகளில் முதிரும் நமது தென்னஞ் சாராயத்துக்கும் ஒரு சுற்று ஒதுக்கினால், ஓக் மரம் ஒரு மதுவுக்கு என்ன செய்கிறது என்பது ஒப்பிட்டுப் பார்க்கும்போது இன்னும் நன்றாக விளங்கும். வீட்டுக்கார அம்மா ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கச்சான் ஓய்ந்த பின், மாரி தொடங்குவதற்கு முன் அடுத்ததை வைக்கப்போவதாகவும், பிரீயை நீக்கிவிட்டு வடித்த தயிரை மட்டுமே வைப்பதாகவும் சொன்னார். என் மனைவிக்கும் சேர்த்து இரண்டு இடங்களுக்கு அப்போதே பணம் கட்டிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன்.