கோபர் கேஸ்: ஆறு வருடமாகத் தீராத குழாய்த் தண்ணீர்த் தொல்லை

"மூணு மாடு நிக்குது, கோபர் கேஸ் போடலாமாண்ணா?" என்று, சாண எரிவாயுக் கலனைப் பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். சமையலறைக்குப் போகும் குழாயை இரண்டாம் முறை தோண்டி எடுத்து, மறுபடி பதித்து முடித்த வாரத்தில் அந்தக் கேள்வி வந்தது. பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது தினம் 2 கன மீட்டர் வாயு தரும் தீனபந்து கலன், அதாவது மண்ணுக்குள் கட்டிய, அசையாத செங்கல் கும்மட்ட வகை, 6 வருட ஓட்டம். தினம் 50 கிலோ சாணத்துக்கு 50 லிட்டர் தண்ணீர் கலப்பதெல்லாம் தெரிந்த விஷயம். கும்மட்டத்தில் இதுவரை ஒரு கசிவு கிடையாது. அடுப்பு நீலமாக எரிகிறது. தொல்லை முழுக்க, வாயுவைச் சமையலறைக்குக் கொண்டுபோகும் அந்த அரை இஞ்சு குழாயில்தான்.

கலனிலிருந்து வரும் வாயு ஈரம் நிறைந்தது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். குழாயில் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தங்கும், மீதி 13 கிராம் தண்ணீராக இறங்கிவிடும். தினம் 2 கன மீட்டர் வாயு என்றால், குளிர் நாட்களில் வாரத்துக்கு 180 மில்லி. கேட்க ஒரு டம்ளர் கணக்கு. ஆனால் அரை இஞ்சு குழாயில் அது ஒரு மீட்டர் நீளத்தை நிரப்பிவிடும். குழாய் எங்கே தொய்ந்திருக்கிறதோ அங்கே போய்க் குந்திக்கொள்ளும்.

காலையில் கும்மட்டத்தில் அழுத்தம் நிறைய இருக்கும். வாயு தண்ணீரைக் குமிழியிட்டுத் தள்ளிக்கொண்டு வரும், தீ துள்ளித் துள்ளி எரியும். எரிய எரிய அழுத்தம் இறங்கும். தொய்வு பத்து சென்டிமீட்டர் ஆழம் என்றால், அதைத் தாண்ட அதே பத்து சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் வேண்டும். ராத்திரி தோசைக்கல் காயும் நேரத்தில் அது இருக்காது, அடுப்பு அணைந்துவிடும். வீட்டில் "கேஸ் தீந்துபோச்சு" என்று சிலிண்டரைத் திறப்பார்கள். உடனே, கலனிலிருந்து சாணக் கரைசல் வெளியே வரும் வெளியேற்றுத் தொட்டியைப் போய்ப் பாருங்கள். கரைசல் மேலே ஏறி நின்றால் உள்ளே வாயு இருக்கிறது, குழாய்தான் அடைத்திருக்கிறது. கீழே இறங்கிக் கிடந்தால்தான் உண்மையிலேயே தீர்ந்தது.

அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் கும்மட்டம் நிரம்பி, மிச்ச வாயு வெளியேற்றுத் தொட்டி வழியாகக் கொப்பளித்துப் போய்விடும். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது அது. விறகுப் புகையைத் தவிர்க்கக் கட்டிய கலன், ஒரு டம்ளர் தண்ணீரால் மீத்தேனை வானத்துக்கு விடுகிறது. எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். அமைத்துக் கொடுத்தவர்கள், குழாயில் சேரும் தண்ணீரை வெளியே விடும் வடிப்பானே வைக்கவில்லை, மட்டமும் பார்க்கவில்லை.

சரியான முறை இது. குழாய்க்கு 100-க்கு 1 சரிவு வேண்டும். 20 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம், கலன் பக்கமாகவோ வடிப்பான் பக்கமாகவோ. நடுவில் எங்கும் ஏறி இறங்கக் கூடாது. பள்ளத்தின் அடியைத் திமிசு போட்டு இறுக்கி, மணல் பரப்பிப் பதியுங்கள். சுவரோரம் போகும் இடத்தில் இரண்டடிக்கு ஒரு கிளாம்பு. வெயிலில் பிளாஸ்டிக் குழாய் தொங்கிவிடும். இரும்புக் குழாய் வேண்டாம், ஹைட்ரஜன் சல்பைடு உள்ளிருந்தே தின்றுவிடும். மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு 'டீ' (மூன்று வழி இணைப்பு), அதற்குக் கீழே ஓரடிக் குழாய், நுனியில் திருகு வால்வு. யூ வடிவ வடிப்பானைச் சிலர் சொல்வார்கள். அழுத்தம் குறைவான மிதக்கும் டிரம் கலனுக்கு அது சரி. தீனபந்துவில் அழுத்தம் 90 சென்டிமீட்டர் வரை ஏறலாம், குட்டை யூ குழாயில் நிற்கும் தண்ணீரைத் தூக்கி எறிந்துவிடும்.

வாரம் ஒரு முறை, ஐப்பசி முதல் தை வரை இரண்டு முறை, அடுப்பை அணைத்துவிட்டு வால்வை மெதுவாகத் திறந்து தண்ணீரை வடியுங்கள். 'உஸ்' என்று வாயு வந்ததும் மூடிவிடுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது.

ஸ்லரியை, அதாவது வாயு போன பிறகு வெளியே வரும் சாணக் கரைசலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. காய்ந்த எடையில் தழைச்சத்து 1.4 முதல் 1.8 சதவீதம், தொழு உரத்தில் அரை முதல் ஒரு சதவீதம்தான். களை விதையும் பெரும்பாலும் செத்துவிடுகிறது. வெயிலில் காயவைத்தால் அம்மோனியா பறந்துபோகும். ஈரமாகவே வாய்க்கால் தண்ணீரோடு வாழைக்கும் கோ-4 தீவனப்புல்லுக்கும் விடுங்கள். சொட்டுநீரில் மட்டும் விட்டுவிடாதீர்கள், துளை அடைத்துக்கொள்ளும். அடுப்புக்கணக்கைவிட எனக்கு இதுதான் பெரிய லாபம். அடுப்பில் மிச்சமாவது கணக்குப்படி 16 நாளுக்கு ஒரு சிலிண்டர், நடைமுறையில் 20 நாளுக்கு ஒன்று.

இவ்வளவு சொல்லியும், தம்பி, உனக்கு இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேயப் போகும் மாடென்றால் பாதி சாணம் காட்டிலேயே விழுந்துவிடும். மூன்று மாட்டுக்கு 2 கன மீட்டர் கலன் பட்டினி கிடக்கும். போட்டால் 1 கன மீட்டர், 25 கிலோ சாணம், அவ்வளவுதான். தொழுவத்திலிருந்து சமையலறை 20 மீட்டரைத் தாண்டினால் அதையும் தொடாதே. பிடிவாதமாகப் போடுவதென்றால், மண்ணை மூடுவதற்கு முன் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற டியூப்) வைத்து மூன்று மீட்டருக்கு ஓரிடம் நீயே சரிபார். 'டீ' இருக்கும் இடத்தில் ஒரு கல்லை நட்டு வை.