பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு? பட்டப்படிப்பிலிருந்து பின்னோக்கி ஓர் ஒப்பீடு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் வடசென்னையில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பெற்றோர் முதலில் கேட்பது, 'இந்த மார்க்குக்கு எந்த குரூப் கிடைக்கும்?' என்பதைத்தான். ஈராண்டு கழித்து எந்தப் பட்டப்படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம் என்பதைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து பிரிவைத் தேர்வதே சரியான முறை. அப்படிப் பார்க்கும்போது, பலர் பெரிதாக எண்ணும் வேறுபாடு ஒன்று சிறுத்துவிடுகிறது. எவரும் கேட்காத கேள்வி ஒன்று பெரிதாகிவிடுகிறது.

அந்தச் சிறுக்கும் வேறுபாடு, பயோ-மேத்ஸ் பிரிவுக்கும் கணினி அறிவியல் பிரிவுக்கும் இடையிலானது. இரண்டிலும் இயற்பியல், வேதியியல், கணிதம் பொது. நான்காவது பாடம் மட்டுமே மாறுகிறது: முன்னதில் உயிரியல், பின்னதில் கணினி அறிவியல். 'பையன் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆக வேண்டும், அதனால் கம்ப்யூட்டர் குரூப்' என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு என்றாலும் அதற்கு ஆதாரம் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் தரவரிசையை முடிவுசெய்யும் கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணினி அறிவியலில் மாணவர் எடுக்கும் மதிப்பெண் இந்த 200-க்குள் வருவதில்லை. உயிரியல் மதிப்பெண்ணும் அப்படியே. ஆகவே பயோ-மேத்ஸ் படித்தவர் கணினிப் பொறியியலில் சேர எந்தத் தடையும் இல்லை. மறுபுறம், கணினிப் பிரிவில் படித்தவருக்கு மருத்துவம், பல் மருத்துவம், சித்த மருத்துவம், கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் ஆகியவை நேரடியாக எட்டாதவையாகிவிடுகின்றன. இவற்றுள் கால்நடை மருத்துவத்தைத் தனியே சொல்ல வேண்டும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு, மருத்துவப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வாகிய நீட் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை; அதற்கான பழம்பெருங்கல்லூரியோ வேப்பேரியில், வண்ணாரப்பேட்டையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஏட்டளவில், எனவே, பயோ-மேத்ஸ்தான் முன்னிற்கிறது. நடைமுறையில் அதற்கு ஒரு விலை உண்டு. தாவரவியல், விலங்கியல் என்று இரு பகுதிகளாக வரும் உயிரியலைக் கணிதத்தோடு சேர்த்துச் சுமக்கும் மாணவருக்கு, கட்-ஆஃபில் பாதியைத் தரும் கணிதத்துக்கான நேரம் குறைகிறது. கணிதத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10 என்பதால், அறிவியல் பாடங்களில் செய்முறைத் தேர்வு தரும் 20 மதிப்பெண்ணின் துணை அங்கே இல்லை. உயிரியல் தேவைப்படும் படிப்பு எதிலும் நாட்டமில்லாத மாணவர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பயோ-மேத்ஸ் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகையவருக்குக் கணினிப் பிரிவே நல்லது; பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் தரவுத்தளமும் கற்றுக்கொண்டு கல்லூரிக்குள் நுழைவது ஓரளவு நன்மைதான்.

கணிதத்தை அறவே விட்டுவிட்டுத் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் பியூர் சயின்ஸ் பிரிவே எனக்கு மிகுந்த தயக்கம் தருவது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு உரியது என்பதைக் காட்டி இதைப் பரிந்துரைப்பவர்கள், மீதி 360-இல் பாதி இயற்பியல் என்பதையும், கணக்குப் போடும் பழக்கம் விட்டுப்போனவருக்கு அந்த இயற்பியலே இடறும் என்பதையும் சொல்வதில்லை. மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் பொறியியலுக்கும் வழி இல்லை. ஆயினும் நர்சிங், மருந்தியல், பொன்னேரி மீன்வளக் கல்லூரியின் பட்டப்படிப்பு போன்றவை மிஞ்சுகின்றன. காசிமேட்டில் பிறந்து கடலை அறிந்த பிள்ளைக்கு அந்தக் கடைசி வழி ஆறுதல் பரிசு அன்று, முதல் விருப்பமாகவே இருக்கத் தக்கது.

வணிகவியல் பிரிவைக் குறைந்த மதிப்பெண்காரரின் புகலிடமாக நினைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ராஜாஜி சாலையின் சுங்க அலுவலகமும், மண்ணடியின் சரக்கு அனுப்பும் அலுவலகங்களும், துறைமுகமும் சூழ்ந்த பகுதியில் இப்படி நினைப்பது விந்தையானது. இங்கே ஒப்பிட வேண்டியது பிரிவை அன்று, பிரிவுக்குள் இருக்கும் நான்காவது பாடத்தை. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகிய மூன்றோடு கணினிப் பயன்பாடுகள் வரலாம், வணிகக் கணிதமும் புள்ளியியலும் வரலாம். முன்னது எளிது என்று பெயர் வாங்கியது. பின்னதே பிற்காலத்துக்கு உதவுவது. பட்டயக் கணக்காளர் படிப்பின் ஃபவுண்டேஷன் தேர்வை எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம் என்றாலும், அதன் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல் ஆகியவற்றால் ஆனது. கணினித் துறை ஆசை இருந்தும் அறிவியல் பிரிவு கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம்: சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பு, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் முடித்தவருக்கும் தகுதிச் சுற்றின் வழியே இடம் தருகிறது.

வரலாறு உள்ள கலைப் பிரிவைப் பற்றி இரண்டே வரி போதும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு எல்லாப் பிரிவினருக்கும் பொது என்பதாலும், அரசுப் பணித் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும் என்பதாலும், நன்றாக எழுதத் தெரிந்த மாணவருக்கு இது குறைந்த தேர்வு அன்று.

இவற்றோடு போட்டியிடும் இன்னொரு வழி, பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேர்வது. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதால் அந்த வழியில் மொத்தம் ஆறு ஆண்டுகள். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளும் நான்காண்டுப் பட்டமும் சேர்ந்தாலும் அதே ஆறுதான். நடுவில் குடும்பத்துக்கு வருமானம் தேவைப்பட்டால், கையில் டிப்ளமோவோடு எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளில் வேலை தேடலாம். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு அந்த மதிப்பு இல்லை. உயிரியல் சார்ந்த படிப்புகளில் ஆசை இல்லையென்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்கு இது கணினிப் பிரிவுக்கு நிகரான வழி என்பது என் கணிப்பு.

எவரும் கேட்காத அந்தக் கேள்வி, பிரிவைப் பற்றியதன்று, பள்ளியைப் பற்றியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் அடங்கும், அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது வரை படித்த பெண்ணை, பயோ-மேத்ஸ் கிடைக்கிறது என்பதற்காக ஈராண்டு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஒதுக்கீடு கைநழுவுகிறது. ஆகவே அருகிலுள்ள பள்ளியில் வேண்டிய பிரிவு இல்லையென்றால், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன், அதே பிரிவு உள்ள வேறோர் அரசு அல்லது மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி பேருந்து தூரத்தில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட வேண்டும்.