பாதி விலை ஆர்கான் சிலிண்டர்: டர்பனில் வெல்டிங் செய்வோர் கவனத்திற்கு

தைப்பூசக் காவடிக்குள் எங்கள் கோயிலுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். சாட்ஸ்வர்த்திலுள்ள என் பட்டறைக்கு வழக்கமாக வரும் ஆர்கான் சிலிண்டர் (பற்றவைக்கும்போது உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாமல் காக்கும் வாயு) தாமதமானதால், 'சுத்த ஆர்கான்' என்று சீட்டு ஒட்டிய ஒன்றை வேறொரு விற்பனையாளரிடம் ஏறக்குறைய பாதி விலைக்கு வாங்கினேன். விலையைக் கேட்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காற்றில் ஆர்கான் 0.93 சதவீதம்தான் இருக்கிறது. காற்றைத் திரவமாக்கிக் காய்ச்சி வடிக்கும்போது, ஆக்சிஜனின் கொதிநிலையான −183 பாகைக்கும் ஆர்கானின் −186 பாகைக்கும் இடையே மூன்று பாகை வேறுபாடே இருப்பதால், அதைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது செலவு பிடிக்கும் வேலை.

முதல் மூட்டிலேயே, மின்வில்லை உண்டாக்கும், வெள்ளிபோல் இருக்க வேண்டிய டங்ஸ்டன் முனை கருகி உதிர்ந்தது; பற்றவைத்த இடமோ கரி படிந்து, ஊசித்துளைகளாக நின்றது. முனையைத் தீட்டினேன், குழாயை மாற்றினேன், தகட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன், கடைசியில் முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள என் கையையே குறை சொன்னேன். இரண்டு நாள் இப்படிக் கழிந்த பிறகு மைத்துனர் தம்முடைய சிலிண்டரைக் கொண்டுவந்தார். அதே இயந்திரத்தில், அதே தகட்டில், மூட்டு பளபளவென்று அமைந்தது.

1894இல் ரேலேயும் ராம்சேயும் கண்டறிந்த இந்த வாயுவுக்குக் கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்று பொருள்படும் சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்கள். உருகிய உலோகத்தோடும் சேராத அந்தச் சோம்பலுக்காகவும், காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமாக இருந்து உருகுகுழம்பின் மேல் போர்வையாகப் படிவதற்காகவுமே நாம் பணம் கொடுக்கிறோம். எனக்கு வந்தது, சாதாரண இரும்பை மிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனைக்குப் பதில் உருகும் கம்பியால் பற்றவைக்கும் முறை) செய்யப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு கலவையாக இருந்திருக்கும் என்பதே என் கணிப்பு. அந்த வாயு மின்வில்லின் வெப்பத்தில் சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடும். அது டங்ஸ்டனை அரிக்கும், ஸ்டீலில் உள்ள குரோமியத்தையும் கெடுக்கும்.

விற்பனையாளர், "எல்லாம் ஒரே கேஸ்தான், உங்கள் கைதான் சரியில்லை" என்றார். பகுப்பாய்வுச் சான்றிதழ் கேட்டதற்குப் பதில் இல்லை, பணமும் திரும்பவில்லை. பதினொரு மூட்டுகளை அறுத்தெடுத்துப் புதிதாகச் செய்தேன்.

புதிய சிலிண்டர் வந்தால், வேலையில் கை வைக்குமுன் சுத்தமான கழிவுத் துண்டு ஒன்றில் பத்து விநாடி பற்றவைத்துப் பாருங்கள். வில்லை அணைத்த பின்பும் முனை ஆறும்வரை வாயு ஓடட்டும். இல்லையென்றால் நல்ல ஆர்கானிலும் முனை கறுத்துவிடும். கருகிய முனைகளையும் அறுத்தெடுத்த மூட்டுகளையும் ரசீதோடு பட்டறையில் வைத்திருக்கிறேன். இத்தொழிலில் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம்.