ஷட்டில் கோர்ட் பக்கத்து கேன்டீன்: சுண்டலுக்கு ஏழு மணிக்குள் போய்விடுங்கள்

ஷட்டில் கோர்ட், நீச்சல் குளம், பசங்களுக்கு ஸ்கேட்டிங் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் இந்த இடத்தின் தரை, லைட், பார்க்கிங் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கேன்டீனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சாயங்கால பேட்ச் முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் மதியம் ஸ்கூலில் சாப்பிட்டதோடு சரி, அகோரப் பசியில் இருப்பார்கள், கண்ணில் எது முதலில் படுகிறதோ அதைத்தான் கேட்பார்கள், கூட வந்திருக்கும் நாமும் அந்த அலுப்பில் வாங்கிக் கொடுத்துவிடுவோம். அதனால் அங்கே என்ன விற்கிறார்கள், எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது கோச் சொல்லிக்கொடுப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்த விஷயமில்லை.

பழைய காண்ட்ராக்டர் இருந்தவரை பப்ஸ், சமோசா, சிப்ஸ், கூல்ட்ரிங்க்ஸ், அவ்வளவுதான். கோவையில் இந்த மாதிரி இடங்கள் பலவற்றில் இன்றும் அப்படித்தான். இப்போது எடுத்து நடத்தும் அக்கா பப்ஸை நிறுத்தவில்லை, ஆனால் அது உள்பக்க அலமாரிக்குப் போய்விட்டது. கல்லாவுக்கு முன்னால் சூடான சுண்டல் பாத்திரம், அவித்த முட்டை, வேகவைத்த நிலக்கடலை, ஒரு தார் கதலி. ஃப்ரிட்ஜில் கண் மட்டத்துக்குத் தண்ணீரும் நீர்மோரும், கூல்ட்ரிங்க்ஸ் கீழ்த்தட்டில். சுண்டல் ஒரு கப் 20 ரூபாய், மோர் 15, பழம் 8, பப்ஸோ 25. இந்த விலை வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் பிள்ளைகள் கையில் இருக்கும் ஐம்பது ரூபாய்க்கு எது வயிறு நிறையும் என்று அவர்களுக்கே கணக்குத் தெரியும்.

சுவையைச் சொல்ல வேண்டுமென்றால் தட்டப்பயறு சுண்டல்தான் முதலிடம், பதமாக வெந்து, தேங்காய்த் துருவலும் கொஞ்சம் மாங்காயும் போட்டு, எண்ணெய் கையில் ஒட்டாமல் இருக்கும். செவ்வாய்க்கிழமை கொள்ளு, அதுவும் நன்றாக இருக்கிறது. கொண்டைக்கடலை மட்டும் சில நாள் சரியாக வேகாமல் கடிக்க வேண்டியிருக்கிறது. மோரில் உப்பு தூக்கல், வியர்த்து வருகிறவர்களுக்கு என்று போடுகிறார்களோ என்னவோ, குறைக்கலாம்.

இனி குறைகள். சுண்டல் ஏழரைக்குள் தீர்ந்துவிடுகிறது. எட்டு மணிக்கு மேல் ஆடி முடித்து வரும் பெரியவர்களுக்குப் பப்ஸ்தான் மிச்சம். "ஹெல்த்தியா வச்சா யார்ண்ணா வாங்குவாங்க" என்று வேறு கோர்ட் நடத்தும் ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். இங்கே தினமும் காலியாகும் பாத்திரத்தை அவர் வந்து பார்க்க வேண்டும். அக்காவும் தயங்காமல் இன்னொரு பாத்திரம் போடலாம், விற்காது என்ற பயமே வேண்டாம்.

அடுத்தது ஜூஸ். சொல்லாவிட்டால் இரண்டு கரண்டி சர்க்கரை விழுந்துவிடுகிறது, வேண்டுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று மாற்றிவிட்டால் நல்லது. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பாட்டில்களும் இருக்கின்றன. லேபிளைத் திருப்பிப் பாருங்கள், 100 மில்லிக்கு சுமார் 6 கிராம் சர்க்கரை, அரை லிட்டர் குடித்தால் 30 கிராம். ஒரு நாள் முழுக்கச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே சொல்கிறது. மணிக்கணக்கில் மேட்ச் ஆடுகிறவர்களுக்கு அது தேவைப்படலாம், ஒரு மணி நேரக் கோச்சிங்குக்குத் தண்ணீர் தாராளமாகப் போதும். அந்தத் தண்ணீரைத்தான் இங்கே தேட வேண்டியிருக்கிறது: ஆர்.ஓ. குழாய் உடை மாற்றும் அறைக்குப் பின்னால் ஒரு மூலையில். கோர்ட் வாசலில் ஒன்று வைத்தால் பாதிப் பேர் எந்த பாட்டிலும் வாங்க மாட்டார்கள், கேன்டீனுக்கு அதில் கொஞ்சம் வருமானம் குறையும் என்பதால் செலவை நிர்வாகம்தான் ஏற்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது எனர்ஜி டிரிங்க் விஷயத்தில். சிறுவர்களுக்கு உகந்ததல்ல என்று அந்த கேன் மேலேயே அச்சடிக்க வேண்டும் என்பது இந்தியாவில் விதி, 250 மில்லி கேனில் 75 மில்லிகிராம் வரை கேஃபீன் இருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பையன் கேட்டாலும் இங்கே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளி வளாகத்திலும் கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. அதே பிள்ளைகள்தான் நாலு மணிக்கு யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு இங்கே வருகிறார்கள், விளையாட்டு இடம் ஸ்கூல் இல்லை என்பதற்காக அவர்கள் உடம்பு மாறிவிடுமா? சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நிர்வாகமே காண்ட்ராக்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம். அக்காவிடம் சொன்னேன், கம்பெனிக்காரர்கள் ஃப்ரிட்ஜை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் சரக்கை வைக்காமல் இருக்க முடியாது என்றார். அந்தச் சங்கடம் புரிகிறது. ஒரு ஃப்ரிட்ஜை நிர்வாகம் சொந்தமாக வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது.

சுத்தம் பரவாயில்லை, தட்டு பாக்குமட்டை, உட்கார இடம் குறைவு, ஜிபே உண்டு.

இப்போதைக்கு நாலு ஸ்டார். எனர்ஜி டிரிங்க்கை எடுத்துவிட்டால் வந்து அஞ்சாக மாற்றிவிடுகிறேன். ஞாயிறு காலையில் கம்பங்கூழ் போடுகிறார்கள், நீச்சல் முடித்து வருகிறவர்கள் ஒன்பதுக்குள் கேளுங்கள், தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் தருவார்கள்.