பழனி மலையடிவாரத்தில் செயற்கைக்கோள் ஈ.டி. கணக்கு: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

ஆயக்குடி, நெய்க்காரப்பட்டிப் பக்கத்து விவசாயிகளுக்கு எந்த வாரம் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினால் போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதற்காகச் சில வருடங்களாக இரண்டு இலவசத் தரவுகளை எடுத்து வருகிறேன். ஒன்று நாசாவின் மோட்16. இன்னொன்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் வெளியிடும் எஸ்எஸ்இபாப். இரண்டுமே ஈ.டி.யைத் தருகின்றன. மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் இலை வழியே வெளியேறும் நீரும் சேர்ந்த அளவுதான் ஈ.டி. பழனி மலைக்கு வடக்கே உள்ள இந்த வறண்ட அடிவாரத்தில் அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே காலை வாருகின்றன என்பதை எழுதுகிறேன்.

மோட்16 பென்மன்-மான்டீத் சமன்பாட்டில் ஓடுவது, அதாவது வானிலையையும் இலைப்பரப்பையும் வைத்து ஈ.டி.யைக் கணக்கிடும் சூத்திரத்தில். இலைப்பரப்பு செயற்கைக்கோளிலிருந்து வரும். வெப்பநிலையும் ஈரப்பதமும் கதிர்வீச்சும் கணினி வானிலை மாதிரியிலிருந்து வரும். மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று அது நேரடியாகப் பார்ப்பதே இல்லை, காற்றின் ஈரப்பதத்தை வைத்து ஊகித்துக்கொள்கிறது. எஸ்எஸ்இபாப் வேறு வழி. தரையின் சூட்டைப் பார்க்கும்: நீர் ஆவியாகும் இடம் குளிர்ந்திருக்கும், காய்ந்த இடம் சுடும். ஆக, போர் தண்ணீரில் நிற்கும் தோப்பு முதலாவதன் கண்ணில் படாமல் போகலாம், இரண்டாவதன் கண்ணில் படும். வறண்ட ஊருக்கு இந்த வித்தியாசம் பெரிது. சித்திரை, வைகாசியில் சுற்றியுள்ள மானாவாரி நிலமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது தென்னைக்கு மோட்16 கொடுக்கும் எண்ணை என்னால் நம்ப முடிந்ததே இல்லை.

சரி, எதை வைத்துச் சரிபார்ப்பது? அதிக நேரம் இதில்தான் போனது. காற்றின் சுழிப்பையும் அதிலுள்ள நீராவியையும் நொடிக்குப் பல முறை அளந்து ஈ.டி.யைச் சொல்லும் கோபுரங்கள் உண்டு. நீலகிரிக்கு வடக்கே, கர்நாடகத்தின் பேரம்பாடியில் இன்காம்பஸ் என்ற இந்திய-பிரிட்டன் திட்டத்துக்காக அப்படி ஒன்றை நிறுத்தினார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது. கட்டுப்படியானாலும் அந்தக் கோபுரம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நிலத்துக்கு உள்ளே வரும் ஆற்றலோடு, ஆவியாதலிலும் சூடாகவும் வெளியே போவதை ஒப்பிட்டுப் பார்த்தால் 10 முதல் 30 சதவீதம் வரை துண்டு விழுவது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். அப்புறம், கோபுரம் அளப்பது காற்று வரும் திசையில் உள்ள நிலத்தை. ஆடியில் மேற்கே இருக்கும் வயல், மார்கழியில் வடகிழக்கே இருக்கும் வயல் என்று அது பார்க்கும் இடமே மாறிவிடும்.

என் கையில் இருப்பது ஆவியாதல் தொட்டி (தண்ணீர் நாளுக்கு எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் திறந்த தொட்டி), மழைமானி, சொட்டுநீர்க் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர், மண் எடுத்துக் காயவைத்து எடை போடும் பழைய முறை. மழையும் பாசனமும் வரவு. மண்ணில் கூடிய ஈரத்தையும் வேருக்குக் கீழே இறங்கியதையும் கழித்தால் மிச்சம் ஈ.டி. இதில் வேருக்குக் கீழே இறங்கியதுதான் தொல்லை. சரளை கலந்த செம்மண்ணில் தண்ணீர் சல்லென்று இறங்கிவிடும். வாய்க்காலில் தாராளமாகப் பாய்ச்சிய வயலில் அதையெல்லாம் ஈ.டி. என்று எழுதிவிட்டு, செயற்கைக்கோள் குறைவாகச் சொல்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. அதனால் மழை இல்லாத, சொட்டுநீர் அளவாக ஓடும் வாரங்களை மட்டுமே ஒப்பிடுகிறேன்.

தொட்டியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏ வகைத் தொட்டி 120.7 செ.மீ. விட்டம் கொண்டது. நம் நாட்டில் அதன்மேல் கம்பி வலை போடுவார்கள் (பழனியில் குரங்குக்குப் பஞ்சமா என்ன), அந்த வலையே ஆவியாதலைக் கொஞ்சம் குறைக்கும். தொட்டி அளவைப் பயிருக்கான கணக்காக மாற்ற 0.7-ஆல் பெருக்கு என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998-ல் வெளியிட்ட எஃப்ஏஓ-56 கையேட்டின் அட்டவணையைப் பாருங்கள்: சுற்றிலும் தரிசு, பலத்த காற்று, வறண்ட வானம் என்றால் அந்தக் குணகம் 0.5-ஐ ஒட்டி இறங்கும். ஆடியில் 0.7 போடுகிறவருக்கு எந்தச் செயற்கைக்கோளும் சரியாக வராது.

அடுத்தது கட்டத்தின் அளவு, அதாவது ஒரே எண் கிடைக்கும் சதுர நிலப்பரப்பு. மோட்16 கட்டம் ஒன்று கிட்டத்தட்ட 53 ஏக்கர். அதற்குள் கொய்யா, முருங்கை, தரிசு, குடியிருப்பு எல்லாம் விழும். இதை விளக்கியபோது ஒரு பெரியவர், “ஏந்தம்பி, மேலிருந்து பாக்கறதுக்கு என் தோப்பும் பக்கத்துக் காடும் ஒண்ணுதானா?” என்று கேட்டார். ஆமாம், ஒன்றுதான். தனி ஒருவரின் மூன்று ஏக்கருக்கு இந்தத் தரவைக் கொண்டு ஆலோசனை சொல்வதை நான் விட்டுவிட்டேன். அதற்கு லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் வெப்பப் படம் தேவலை, 100 மீட்டர் வரை பிரித்துக் காட்டும். ஆனால் ஒரு லேண்ட்சாட் திரும்ப வர 16 நாள் ஆகும். லேண்ட்சாட் 8-ஐயும் லேண்ட்சாட் 9-ஐயும் சேர்த்தால் 8 நாள், அன்றைக்கு மேகம் இல்லாவிட்டால்.

இனி ஆடிக்காற்று. இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30 கி.மீ.தான். அதன் வழியே வரும் தென்மேற்குக் காற்று உடுமலை, பழனிப் பக்கம் வந்து சேரும்போது மழையை மேற்கே விட்டுவிட்டு, வறண்டு, வேகமாக வீசும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் ஆவியாக ஏறக்குறைய 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். வெயில் தரும் நிகர ஆற்றலே எல்லை என்று வைத்தால் ஈ.டி. ஓர் அளவுக்குமேல் போகாது. ஆனால் காய்ந்த நிலத்தின் மேல் சூடேறி வரும் காற்று, ஈரமான தோப்புக்கு வெயிலுக்கு மேல் கூடுதல் ஆற்றலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வானிலை மாதிரியின் கட்டமோ பல பத்து கி.மீ. அகலம், கணவாயின் காற்று அதில் கரைந்துபோகும். போதாக்குறைக்கு, காற்று வறண்டிருந்தால் இலைத்துளை மூடிக்கொள்ளும் என்று மோட்16 ஈ.டி.யை இன்னும் குறைக்கிறது. பயிர் அதிகம் கேட்கும் மாதத்தில் கணக்கு மிகக் குறைவாகச் சொல்கிறது. ஏக்கருக்கு நாள் ஒன்றுக்கு 1 மி.மீ. தவறு என்றால் சுமார் 4,000 லிட்டர். ஆனி, ஆடி இரண்டு மாதமும் நான் தொட்டியை மட்டுமே பார்க்கிறேன்.

மலைச்சரிவில் தவறு வேறு மாதிரி வரும். பழனி ஊரைவிடக் கொடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உயரம், நேர்க்கோட்டில் தூரம் கொஞ்சம்தான். உயரம் ஏற ஏறத் தரை குளிரும். சூட்டை வைத்துக் கணக்குப் போடும் முறைக்கு, உயரத்தால் வந்த குளிர்ச்சியையும் ஈரத்தால் வந்த குளிர்ச்சியையும் பிரித்துச் சொல்ல நல்ல வெப்பநிலைத் தரவு வேண்டும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது வடக்குச் சரிவு காலைப் படத்தில் குளிர்ந்தே தெரியும். இலை உதிர்க்கத் தொடங்கிய காட்டை ஈரக்காடு என்று நினைக்க வைக்கும். தாண்டிக்குடிக் காப்பித் தோட்டங்களுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. மோட்16 எண்ணை 0.1-ஆல் பெருக்க வேண்டும். அது 8 நாளுக்கு ஒரு தொகுப்பாக வரும், ஆனால் வருடத்தின் கடைசித் தொகுப்பு 8 நாள் அல்ல, 5 அல்லது 6 நாள். ஊர்ப்பகுதிக் கட்டங்களில் வரும் 32,000-க்கு மேற்பட்ட எண்கள் குறியீடுகள், அளவுகள் அல்ல. மோட்16-க்குப் படம் தரும் டெர்ரா செயற்கைக்கோளும் 1999-ல் ஏவியது. 2020-க்குப் பின் அது நம்மைக் கடக்கும் நேரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, அதனால் புதிய வருடங்களைப் பழைய வருடங்களோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் விடவில்லை என்றால், பெரிய பரப்பில் ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது போன்ற ஒரு பஞ்ச வருடத்தில் பாலாறு-பொருந்தலாறு அணை ஆயக்கட்டில் எந்தப் பகுதி முதலில் வாடியது என்று பார்க்க இந்தத் தரவு போதும், மி.மீ. கணக்கு கொஞ்சம் பிசகினாலும் பகுதிகளின் வரிசை பெரிதாக மாறாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் ஒரு தண்ணீர் மீட்டர் வாங்கிக் குழாயில் மாட்டுங்கள். ஒரு கோடைக்காவது அதன் அளவை எழுதி வையுங்கள். மோட்16 தரவுக்கு நாசாவின் ஆப்பியர்ஸ் தளத்தில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் போதும், எக்ஸலில் திறக்கக்கூடிய பட்டியலாகவே வந்துவிடும்.